மூன்றாம் நிலைக்கு எண் இல்லை

கல்யாண வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் பாலும் பழமும் ஊட்டிக்கொள்ளும் நேரம் வந்தால், கை கழுவப் போகிறவன் மாதிரி நான் எழுந்து போய்விடுவேன். பழக்கம் அப்படி. ஒருவர் விரல் இன்னொருவர் வாய்க்குள் போவதைப் பார்த்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மேடம், நேற்று நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "சர்க்கரைய எதிர்ல வச்சுக்கிட்டு ஏன் சார் வாய்ல போடல?" என்பதுதான். அதற்கும் இந்தப் பழக்கத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அதைத் தெளிவுபடுத்திவிட்டு மேலே போகிறேன்.

நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டு வாங்கியதற்கும் காரணம் உண்டு. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதினால் 'சுகர் கம்மியாகி இறந்துவிட்டார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எவ்வளவு கம்மி, எத்தனை நிமிடம் கம்மி, எதைக் கொண்டு அளந்தது என்று எதுவும் இருக்காது. அந்த மாதிரி வாக்கியத்தைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும்.

என் பெயர் வரதன். வயது நாற்பத்து நான்கு. புளியந்தோப்பு ஹவுஸிங் போர்டில் பிறந்து வளர்ந்தவன். ராயபுரத்தில் டாக்டர் ஞானதுரை நடத்தும் சர்க்கரை நோய் ஆராய்ச்சி மையத்தில் பன்னிரண்டு வருடமாக ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் நீளமே தவிர வேலை சின்னது. ஆய்வில் சேர்ந்த நோயாளிகளின் வீட்டுக்குப் போவது, அளப்பது, எழுதுவது.

இந்த முறை வந்தது வாரத்துக்கு ஒரே ஒரு தடவை போட்டுக்கொள்ளும் இன்சுலின். தினமும் வயிற்றில் குத்திக்கொள்கிறவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஏழு நாளுக்கான மருந்து ஒரே நாளில் உள்ளே போய்விடுகிறது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் போட்டதைத் திரும்ப உருவ முடியாது. ஆகவே இந்த மருந்து தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்வது ஒரே விஷயம்தான்: இதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு எத்தனை தடவை, எவ்வளவு மோசமாகச் சர்க்கரை இறங்கியது. அதை அளக்கும் பொறுப்பு என்னுடையது.

அதை அளப்பது சுலபம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நோயாளியைக் கேட்டால், தலை சுற்றினாலும் சுகர் இறங்கிடுச்சு என்பார், பசித்தாலும் சுகர் இறங்கிடுச்சு என்பார், மாமியாரோடு சண்டை போட்டு மூச்சு வாங்கினாலும் அதையேதான் சொல்வார். தினமும் எழுதச் சொல்லி டைரி கொடுத்தால், முப்பது நாளையும் மையத்து வாசலில் நின்று ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடுவார்கள். ஒரே பேனா, ஒரே சாய்வு, பக்கத்துக்குப் பக்கம் மீன்குழம்புக் கறை. அந்த டைரிகளைக் கையுறை இல்லாமல் நான் தொட்டதே இல்லை. விரலில் குத்திச் சொட்டு ரத்தத்தில் பார்ப்பது கொஞ்சம் மேல். ஆனால் அது அந்த ஒரு நொடிக்கான பதில், அவ்வளவுதான். குத்துவதற்கு முன்னால் அந்த விரலால் வாழைப்பழம் உரித்திருந்தால் அந்தப் பதிலும் பொய்.

மிச்சம் இருப்பது சென்சார். சட்டைப் பித்தானைவிடக் கொஞ்சம் பெரிய வில்லை. மேல்கையில் ஒட்டிவிட்டால் இரவும் பகலும் அளந்துகொண்டே இருக்கும். நோயாளிக்கு எண் தெரியக் கூடாது, தெரிந்தால் பயத்தில் தின்றுவிடுவார் என்பதால், எண்ணைக் காட்டும் கருவி என் கையில் மட்டும்தான் இருக்கும். சென்சாருக்கும் ஒரு குறை உண்டு. அது அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரை. ரத்தத்துக்குப் பத்து நிமிடம் பின்னால் வரும். வேகமாக இறங்கும் நேரத்தில் கருவி ஐம்பத்தெட்டு காட்டினால், ரத்தத்தில் அது ஐம்பதுக்கும் கீழே போயிருக்கும். இது எனக்கு அன்றும் தெரியும் என்பதை இங்கேயே எழுதிவைக்கிறேன். பிறகு யாரும் அதை என்னிடமிருந்து கஷ்டப்பட்டுக் கறக்க வேண்டாம்.

நிலைகள் மூன்று. எழுபதுக்குக் கீழே இறங்கினால் முதல் நிலை. ஐம்பத்து நான்குக்குக் கீழே இரண்டாம் நிலை. அதுவும் பதினைந்து நிமிடம் தொடர்ந்து அங்கேயே கிடந்தால்தான் அது ஒரு சம்பவம். இதுவரை எல்லாம் ஒழுங்கு. மூன்றாம் நிலைதான் ஆபத்தானது, உலகம் முழுக்க எல்லோரும் முதலில் புரட்டிப் பார்ப்பது அதைத்தான். அதற்கு எண் இல்லை. புத்தி தடுமாறி, மீள்வதற்கு இன்னொருவர் உதவி தேவைப்பட்டால் அது மூன்றாம் நிலை. கருவி நாற்பது காட்டினாலும் சரி, அறுபது காட்டினாலும் சரி. இருப்பதிலேயே கடுமையான நிலையை, பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டியோ பிள்ளையோ என்ன செய்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்கிறார்கள். முதல் தடவை அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது அருவருப்பு. வேறு சொல் இல்லை.

ஆனால் விதியைக் கூர்ந்து படித்தால் ஒரு பிடி கிடைக்கிறது. உதவி 'தேவைப்பட்டால்' என்றுதான் இருக்கிறது. உதவி 'செய்தால்' என்று இல்லை. படிவத்திலும் கேள்வி அப்படித்தான்: 'நோயாளியால் தாமாகவே சிகிச்சை எடுத்துக்கொள்ள முடிந்ததா?' எதிரில் இரண்டு கட்டம். ஆம், இல்லை.

எம்.கே.பி. நகரில் ராஜாத்தி என்று ஒரு அம்மா ஆய்வில் இருக்கிறார். மூன்றாவது மாடி வீடு. முதல் மாதம் நான் போயிருந்தபோதே அவருக்குச் சர்க்கரை இறங்கியது. அறுபத்து மூன்றுதான். மகள் மாயா ஓடிவந்து ஒரு வெல்லக்கட்டியை அம்மா வாயில் திணித்தாள். விரல் பாதி உள்ளே போயிருந்தது. பழுப்பாக எச்சில் தாடையில் வழிந்து அந்தப் பெண்ணின் மணிக்கட்டுவரை இறங்கியது, அதை அவள் தன் நைட்டியிலேயே துடைத்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு ராஜாத்தியிடம், "நீங்களே எடுத்துச் சாப்பிட்டிருக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"எட்த்துனு இருப்பேன் சார். இவதான் அவசரப்பட்டா."

பார்த்தீர்களா. தேவைப்படாத உதவி. மாயாவின் அவசரத்தை நான் அப்படியே எழுதியிருந்தால் ஒரு நல்ல மருந்தின் பெயரில் மூன்றாம் நிலை ஒன்று ஏறியிருக்கும். அன்றைக்கு என் நோயாளிகள் நாற்பத்தோரு பேரின் வீட்டுக்கும் ஒரு விதி செய்தேன். சர்க்கரையோ வெல்லமோ கை எட்டும் தூரத்தில் வையுங்கள். ஊட்டாதீர்கள். அவர்களே எடுக்கட்டும். எடுக்க முடிந்தால் உதவி தேவைப்படவில்லை என்று அர்த்தம். இதைவிட நேர்மையான அளவை யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது மாதம் அதே வீட்டில், என் எதிரிலேயே, ராஜாத்திக்கு நாற்பத்தேழு வந்தது. சர்க்கரை டப்பா கட்டிலிலிருந்து மூன்றடியில் இருந்தது. மாயா ஒரு அடி எடுத்து வைத்தாள், நான் தலையை ஆட்டினேன், நின்றுவிட்டாள். அந்த அம்மா கட்டிலிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். முழங்கையை ஊன்றி ஊன்றி நகர்ந்தார். டப்பாவைத் தட்டிவிட்டார். சர்க்கரை தரையெல்லாம் சிதறியது. செருப்புக் கால் பட்ட அந்தத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு நாக்கால் நக்கினார். மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். மொத்தம் பதினோரு நிமிடம். பிறகு அவர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அன்று என் டிபன் பாக்ஸை நான் திறக்கவே இல்லை. ஆனால் படிவத்தில் 'ஆம்' என்று டிக் அடித்தேன், அது உண்மையும்கூட. ராஜாத்தி இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

என்னோடு வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸ் மகிழினி அன்று படியிறங்கும்போது வழியை மறித்து நின்றாள். "சார், அது மனுசங்க சார். எலும்பத் தூக்கிப் போட்டு நாய் எடுக்குதான்னு பாத்துனு கீறீங்க," என்றாள். மகிழினி நல்ல பெண், ஊசி சுத்தமாகப் போடுவாள், ஆனால் நோயாளியின் வாயைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிடுகிற ரகம். அந்த ரகத்தால் அளக்க முடியாது. அடுத்த வாரமே அவளை வெளி வேலையிலிருந்து எடுத்து மையத்திலேயே ரத்தம் எடுக்க உட்கார வைத்தேன்.

ஆறாவது மாதம் பன்னிரண்டு ஊர் மையங்களின் முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். மற்ற இடங்களில் மூன்றாம் நிலை மூன்று, நான்கு, ஓரிடத்தில் ஏழு. ராயபுரத்தில் பூஜ்யம். டாக்டர் ஞானதுரை என் தோளில் கை வைத்து, "வரதன், எப்படிப்பா?" என்றார். நான் சிரித்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இனி தேசப்பன். வயது ஐம்பத்தொன்று. எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் வீடு. தம்பி மணியோடு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். மனைவி பவுனம்மாள் மீன் விற்கிறார். அந்த வீட்டுக்குப் போவதென்றால் முந்தின நாளே பையில் சோப்பு எடுத்து வைத்துவிடுவேன். ஒரு பக்கம் துறைமுகத்துக் கரித்தூசி, ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல், கழிமுகத்துத் தண்ணீரில் எண்ணெய் மினுக்கு, வீட்டுக்குள் காயாத வலை. நாற்காலியில் பேப்பர் விரித்துத்தான் உட்காருவேன். கொடுத்த டீயை அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியே ஊற்றிவிடுவேன். தேசப்பனுக்கு இதெல்லாம் தெரியாது. என்னைக் கண்டால் முகமெல்லாம் பல்லாகி, "வா நைனா, குந்து. வாரத்துக்கு ஒரு ஊசி, ஒரு கோயிக்கறி. ராசா மாரி கீறேன்," என்பார். அதற்கு முன்னால் தினசரி ஊசியை போட்டில் எங்கே வைப்பது, எப்போது போடுவது என்று தெரியாமல் பாதி நாள் விட்டுவிட்டு, காலில் புண் வந்து, ஒரு வருடம் கடலுக்கே போகாமல் கிடந்தவர் அவர். இந்த மருந்துதான் அவரைத் திரும்ப போட்டில் ஏற்றியது. பவுனம்மாளுக்கு அது நன்றாகத் தெரியும்.

நான்காவது மாதம் ஒருநாள் பவுனம்மாள் சர்க்கரைத் தண்ணீர் கரைத்து அவருக்குப் புகட்டிவிட்டார். விதியெல்லாம் சொல்லியும் புகட்டினார். சென்சார் பதிவில் அந்த நேரத்துக்கு ஐம்பத்திரண்டு. நான் நேரில் போய் உட்கார்ந்து, "இன்னொரு தடவை நீங்கள் ஊட்டினால் அதை எழுதியாக வேண்டும். எழுதினால் அவர் பெயரை எடுத்துவிடுவார்கள். ஊசி நின்றுவிடும்," என்று சொன்னேன்.

அது பொய். ஒரு சம்பவத்துக்காக யாரையும் ஆய்விலிருந்து எடுப்பதில்லை. எடுத்தாலும் வேறு மருந்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். ஆனால் ஒழுங்கு என்று ஒன்று வேண்டுமே. பவுனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"வோணாம் சார், எட்த்துடாத. இனிமே தொடவே மாட்டேன். அந்த ஊசில தான் அது எயிந்து நடமாடிகினு கீது."

சொன்னபடி இருந்தார். அதற்குப் பிறகு மூன்று தடவை தேசப்பனுக்கு இறங்கியது. மூன்று தடவையும் தம்ளரை எதிரே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாராம். தேசப்பனே எடுத்துக் குடித்தாராம். என் நாற்பத்தோரு வீடுகளில் இவ்வளவு சுத்தமாகச் செய்தவர் வேறு யாரும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குச் சென்சார் மாற்றப் போனேன். முந்தின நாள்தான் வார ஊசி போட்டிருந்தார். விடிகாலையில் கடலுக்குப் போய்விட்டு, வயிறு சரியில்லை என்று ஒன்றும் சாப்பிடாமல் வந்து, தரையில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வேர்வை முகத்திலிருந்து கயிறாக இறங்கி வலையில் சொட்டியது. என்னைப் பார்த்ததும் நைனா என்று சொல்லவில்லை.

"யார்ரா நீ? எங்கூட்ல இன்னா பண்ற?"

சர்க்கரை இறங்கும்போது கோபம் வரும், ஆள் தெரியாது. புத்தகத்தில் உள்ளதுதான். கருவியை அவர் மேல்கைப் பக்கம் காட்டினேன். ஐம்பத்தெட்டு. நேரம் பத்து ஐம்பது. என் பையிலிருந்து குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றை எடுத்து, அவர் வலது கைக்கு ஒரு முழம் தள்ளி வலைமேல் வைத்தேன். பேப்பரை விரித்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அதற்குள் பவுனம்மாள் மார்க்கெட்டிலிருந்து மீன் கூடையோடு வந்துவிட்டார். தேசப்பனை ஒரு பார்வை பார்த்தார், கூடையைப் போட்டார், உள்ளே போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துத் தம்ளரோடு வந்து நின்றார். நின்றவர் புருஷனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"சார், ஒரு மாரியா கீது சார். குட்துடட்டா?"

"அவரே எடுக்கட்டும்."

பத்து ஐம்பத்தெட்டுக்கு ஐம்பத்து மூன்று. அங்கிருந்து பதினைந்து நிமிடம் எண்ண வேண்டும். நாற்பத்தொன்பது. நாற்பத்தாறு. தேசப்பன் பாக்கெட்டைப் பார்த்தார், கையை நீட்டினார், பக்கத்தில் தரையைப் பிடித்தார். திரும்ப நீட்டினார், திரும்பத் தரை. பவுனம்மாள் இரண்டாம் தடவை கேட்டார். நான் உள்ளங்கையைக் காட்டினேன்.

பதினொன்று ஆறுக்கு அவர் பாக்கெட்டை எடுத்தார். தானாகவே, தன் வலது கையால். நான் படிவத்தில் 'ஆம்' என்று டிக் அடித்து நேரத்தைக் குறித்தேன்.

எடுத்தவர் அதைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்து, வலை கட்டும் நைலான் நூலை எடுத்து, பாக்கெட்டின் வாயைச் சுற்றி முடிச்சுப் போட ஆரம்பித்தார். ஒன்றன்மேல் ஒன்றாக, இழுத்து இறுக்கி, சரிபார்த்து, அடுத்தது. அவருடைய கை மட்டும் தெளிவாக வேலை செய்தது. ஆறேழு முடிச்சுப் போட்டு அதை வலைக்கு அடியில் சொருகி, மேலே இரண்டு தட்டு தட்டினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது. கடைவாயில் எச்சில் நூலாகத் தொங்கியது.

டிக்கைத் திருத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வழி இருக்கிறது. குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி, காரணம். வெள்ளை மை பூசக் கூடாது. ஏழு மாதத்தில் என் படிவங்களில் அப்படி ஒரு கோடுகூடக் கிடையாது. பன்னிரண்டு மையங்களில் வேறு எவனும் இதைச் சொல்ல முடியாது.

பதினொன்று பதின்மூன்றுக்குப் பதினைந்து நிமிடம் முடிந்தது. இரண்டாம் நிலைச் சம்பவம் முழுமையாகக் கிடைத்தது. அதே நிமிடம் தேசப்பன் சாய்ந்தார். கருவி எண் காட்டுவதை நிறுத்திவிட்டது. நாற்பதுக்குக் கீழே அதற்கு எண் தெரியாது, 'குறைவு' என்று மட்டும் காட்டும். அவருக்கு வலிப்பு வந்தது. கால் இரண்டும் வலையில் சிக்கிக்கொண்டு உதைத்தன. வாயில் நுரை, அதில் ரத்தம் கலந்து இளஞ்சிவப்பாக இருந்தது. லுங்கி நனைந்து, ஈரம் தரையில் என் காலை நோக்கி வந்தது. நான் பையைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன்.

பவுனம்மாள் மூன்றாம் தடவை கேட்கவில்லை. நேராகப் போனார். நான் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். மீன் செதில் ஒட்டிய கை, வழுக்கியது, இறுக்கிப் பிடித்தேன். "கம்முனு நில்லுடீ, ஊசி வோணுமா வோணாமா?" என்றேன். ஹவுஸிங் போர்டை விட்டு வந்து இருபது வருடத்தில் அந்தப் பாஷை என் வாயில் வந்ததில்லை. அதற்காக வருந்துகிறேன். பவுனம்மாள் நின்றார். தம்ளரிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த நேரத்தில்தான் மணி தன் அண்ணனைத் தேடித் தெருவாசலுக்கு வந்தார். அங்கிருந்து பார்த்தால் நான் கதவுக்குப் பின்னால். அவர் கண்ணில் பட்டது தரையில் துடித்துக்கொண்டிருக்கும் அண்ணனும், தம்ளரோடு அசையாமல் நிற்கும் அண்ணியும்தான். அதனால்தான் பவுனம்மாள்மேல் புகார் கொடுத்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. பார்த்ததைத்தான் சொன்னார்.

வலிப்பு வந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மேடம். நுரையீரலுக்குப் போய்விடும். ஆகவே நான் கையைப் பிடித்தது மருத்துவப்படி சரி. அதற்கு முன்னால் இருபத்து மூன்று நிமிடம் இருந்தது என்பதும் சரி.

பையைப் பற்றி இன்னும் முழுதாக எழுதவில்லை. இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஆய்வில் ஒரு ஊசி கொடுத்திருக்கிறார்கள். தொடையில் குத்தினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆளை எழுப்பிவிடும். டாக்டர் வேண்டாம், யார் வேண்டுமானாலும் போடலாம். ஆனால் அதை நோயாளி தானே போட்டுக்கொள்ள முடியாது. இன்னொருவர்தான் போட வேண்டும். போட்டால் எழுத வேண்டும். அந்தப் பெட்டி அன்று என் பையில் இருந்தது. ஈரம் படாமல் நாற்காலிமேல் தூக்கி வைத்தேனே, அந்தப் பையில். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் பொருட்களில் இருக்கும், சீல் பிரிக்காமல்.

மணி தன் அண்ணனை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ஆட்டோவில் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். நான் அங்கே குழாயில் என் சோப்பைப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். வலைக்கு அடியிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் கவரில் போட்டு ஒட்டினேன். ராயபுரத்துக்கு வந்து சம்பவத்தைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தேன்: இரண்டாம் நிலை, பதினைந்து நிமிடம், தாமாகவே சிகிச்சை எடுத்துக்கொண்டார். மரணத்தைத் தனிப் படிவத்தில் எழுதினேன், அது வேறு கணக்கு. மகிழினி என் பின்னால் நின்று திரையைப் படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"எட்த்துகினாரா? முடிச்சுப் போட்டு வச்சத எட்த்துகினாருன்னா எய்தற?" என்றாள். பிறகு, "கலீஜ். நீ தொட்ட சேர்லகூட இனிமே நான் குந்த மாட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கிருந்து நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அந்தக் கவரை அவள் எப்போது பார்த்தாள் என்று இன்னும் யோசிக்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் என் மேஜையில் ஒரு தூசி இருந்தது என்று யாரும் சொன்னதில்லை. என்னைப் போய் கலீஜ் என்கிறாள்.

பவுனம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நேற்றிலிருந்து வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் கழிப்பறைக்குப் போகும்போது பார்த்தேன், இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் நின்றது நான் சொன்னதற்காக. ஊசி நின்றுவிடும் என்று பயம் காட்டியது நான். பாக்கெட்டை ஒரு முழம் தள்ளி வைத்தது நான். கையைப் பிடித்தது நான். மருந்தைப் பையிலேயே வைத்திருந்தது நான். தேசப்பன் செத்தது என்னால்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். மணியிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஒரே ஒரு கோரிக்கை. நேற்றுச் சாயங்காலம் டாக்டர் ஞானதுரை தன் வக்கீல் மூலம் ஒரு திருத்தப் படிவம் அனுப்பியிருந்தார். செவ்வாய்க்கிழமைச் சம்பவத்தை மூன்றாம் நிலை என்று மாற்றி, நானே குறுக்கே கோடு போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டுமாம். அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். நீங்களும் அதை மாற்ற விடாதீர்கள். என்னைத் தூக்கில் போட்டாலும் பரவாயில்லை, பதிவு பதிவாக இருக்கட்டும். பதினொன்று ஆறுக்கு அவர் பாக்கெட்டைத் தானே எடுத்தார், நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். தேசப்பனுக்கு இன்னொருவர் உதவி தேவைப்படவில்லை.